42 வயசுல ஆட்டிசம் இருக்குன்னு தெரியவருமா?

04.06.2023, இரவு 11.20

இந்த இணையக் குழுவில் இருப்பவர்களிடம் நேராகக் கேள்விக்கு வருகிறேன். வயது 42, மதுரை, ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு வேலை, கல்யாணமாகி 17 வருஷம், ஒரு மகள். இந்த வயதில் ஒருவருக்குத் தனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று தெரியவருமா, இல்லை இது சும்மா மண்டைக்குள் புகுந்த வண்டா?

தங்கச்சி மகனுக்கு நாலு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. தெரபி சென்டரில் சேர்க்கப் போனவர்களிடம் நீளமான ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் படிவம் என்றாலே என்னிடம்தான் வரும். இன்று உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகச் சத்தமாக வாசித்தேன். சட்டை லேபிள் உறுத்துகிறது என்று அழுவானா, ஒரே சாப்பாட்டையே தினமும் கேட்பானா, பொருட்களை வரிசையாக அடுக்குவானா, கலைத்தால் கோபம் வருமா. பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "இதெல்லாம் என்னடி கேள்வி, நீயுந்தான் அப்படி இருந்த. அந்த மஞ்சப் பாவாடைய விட்டா வேற போட மாட்ட. உங்க அப்பா சைக்கிள இடம் மாத்தி நிறுத்துனா அன்னைக்கு வீடே ரெண்டாயிரும். உன்னய எந்த டாக்டர்ட்ட கொண்டு போனோம்?" என்றாள்.

தங்கச்சி சிரித்தாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இப்போது வரை அந்தப் படிவம் பாதியில் கிடக்கிறது.

05.06.2023, காலை 4.50

தூக்கம் வரவில்லை. ஆட்டிசத் தன்மைகள் எவ்வளவு இருக்கின்றன என்று மதிப்பெண் போடுகிற, பெரியவர்களுக்கான ஏ.க்யூ. என்ற கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்தேன். 50 கேள்வி, 2001-ல் கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹன் குழு தயாரித்தது. 32-க்கு மேல் போனால் ஆட்டிசம். எனக்கு 37.

ஆனால் அந்தக் கேள்விகள்! மியூசியத்தை விட தியேட்டருக்குப் போகத்தான் பிடிக்குமா என்று ஒன்று. பிடிக்கும் என்று போட்டேன். இருட்டு, ஏசி, ரெண்டரை மணி நேரம் யாரும் நம்மிடம் பேச மாட்டார்கள், இதைவிட என்ன வேண்டும். அப்புறம்தான் உறைத்தது, அவர்கள் தியேட்டர் என்பது நாடகத்தை. நான் நாடகம் பார்த்தது ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம், அதுவும் பாதித் தூக்கத்தில். மியூசியம் போனது ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடத்தில் காந்தி மியூசியம் கூட்டிப்போனார்கள். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

வண்டி நம்பர் பிளேட் மாதிரி விஷயங்களைக் கவனிப்பீர்களா என்றும் ஒரு கேள்வி. வண்டி நம்பர் கவனிப்பதில்லை. ஆனால் எங்கள் ஆபீஸ் வாடிக்கையாளர்களில் அறுபது எழுபது பேருடைய ஜிஎஸ்டி நம்பர் எனக்கு மனப்பாடம். 15 எழுத்து. முதல் ரெண்டும் 33, தமிழ்நாடு, அடுத்த பத்தும் பான் நம்பர், ஆகவே நிஜத்தில் அவ்வளவு ஒன்றும் கஷ்டமில்லை. இதை எழுதிவிட்டுத் திரும்பிப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

06.06.2023

நேற்று "32-க்கு மேல் போனால் ஆட்டிசம்" என்று எழுதியது தப்பு. அந்த 2001 ஆய்வில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் 32-ம் அதற்கு மேலும் வாங்கினார்கள், மற்றவர்களில் 2 சதவீதம். அப்படியென்றால் ஆட்டிசம் உள்ள ஐந்து பேரில் ஒருவர் 32-ஐத் தொடவே இல்லை. ஊரில் ஆட்டிசம் இல்லாதவர்கள்தான் பெருங்கூட்டம் என்பதால் அந்த 2 சதவீதமும் சின்னத் தொகை இல்லை. இந்தப் பக்கம் போய்ப் பார் என்று காட்டுகிற கைகாட்டி மரம், அவ்வளவுதான். கணக்கு வேலை பார்க்கிறவள் இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

09.06.2023

"எல்லாருக்கும் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், பேர் வைக்காதீங்க" என்று இங்கே ஒருவர் பதில் போட்டிருக்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம்தான், அதனால்தானே கேட்டேன். ஆனால் இத்தனை நாள் பேர் இல்லாமலா இருந்தது? உம்மணாமூஞ்சி. அழுத்தக்காரி. மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுறவ. மாமியார் வீட்டில் முதல் வருஷம் தலைக்கனம், இரண்டாம் வருஷம் "அது ஒரு மாதிரி". பேரெல்லாம் ஏற்கெனவே வைத்தாயிற்று, எது சரி என்பதுதான் பாக்கி.

கணக்கில் சஸ்பென்ஸ் என்று ஒரு தலைப்பு உண்டு. டிரயல் பேலன்ஸ் இடிக்கும், அதாவது பற்றும் வரவும் ஒத்துப்போகாது, எதனால் என்று தெரியாது, அந்த வித்தியாசத்தை அப்போதைக்கு அங்கே தள்ளிவைப்போம். பிறகு ஒரு நாள் ஒரே ஒரு என்ட்ரி தப்பாக இருப்பது கண்ணில் படும், சஸ்பென்ஸில் கிடந்ததெல்லாம் ஒரேயடியாகத் தீரும். அம்மா மஞ்சப் பாவாடை என்று சொன்ன நிமிஷம் எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். ரெண்டு தப்பு ஒன்றை ஒன்று ஈடுகட்டி, கணக்கு அழகாக டேலி ஆகிவிடுவதும் உண்டு. அதனால் ரொம்ப ஆடாதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

13.06.2023

11-ம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் முடிந்தது, இப்போதுதான் மூச்சு விட முடிகிறது.

கண்ணைப் பார்த்துப் பேசுவதைப் பற்றிக் கேட்டவருக்கு. எல்லா அறிகுறிப் பட்டியலிலும் இதுதான் முதலில் வருகிறது, ஆனால் நம் ஊருக்கு இது உதவாது. பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து நின்றால் எங்களுக்கு "அடக்கமான புள்ள" என்று பேர். பத்தொன்பது வயது வரைக்கும் நான் யார் கண்ணையும் பார்க்கவில்லை, ஒருத்தரும் குறை சொல்லவில்லை, பாராட்டினார்கள். முதல் வேலைக்கு இன்டர்வியூ போனபோதுதான் "என்னம்மா, தரையில என்ன இருக்கு?" என்று கேட்டார் அந்த முதலாளி.

அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பெண்கள் என்றால் பொட்டு. பொட்டைப் பார்த்துப் பேசினால் கண்ணைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். ஆண்களில் திருநீறு வைத்தவர்கள் சுலபம். ஒன்றுமே வைக்காதவர்களிடம் மூக்குத்தண்டு. சில சமயம் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்து எதிராளி சொல்வது காதில் விழாமல் போகும். ஒரு அக்கா, "என்ன, பொட்டு கோணலா இருக்கா?" என்று கேட்டு, பாவம், கைப்பையிலிருந்து கண்ணாடி எடுத்துப் பார்த்தார்.

இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன். எது வராது என்று தேடினால் எனக்கு எல்லாமே வருகிற மாதிரித்தான் தெரியும். எதையெல்லாம் தயார் பண்ணி வைத்திருக்கிறேன் என்று தேடினால் வீடு நிறையக் கிடைக்கிறது. மற்றவர்கள் பொட்டைப் பார்க்கத் திட்டம் போடுவதில்லை, இல்லையா? நிஜமாகவே கேட்கிறேன்.

17.06.2023, இரவு

இன்று ஒரு கேதத்துக்குப் போய்விட்டு வந்தேன். பேருந்தில் வரும்போதே இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

எனக்குக் கல்யாண வீட்டை விட துக்க வீடு சுலபம். சொல்லக் கூடாத விஷயம்தான், ஆனால் உண்மை. என்ன செய்ய வேண்டும் என்பது ஏற்கெனவே எழுதி வைத்த மாதிரி இருக்கும். வாசலில் யாரும் வாங்க என்று சொல்ல மாட்டார்கள், நாமும் சிரிக்கத் தேவையில்லை. மாலை போட வேண்டும், உள்ளே போய்ப் பெண்களோடு உட்கார வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பேச வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விட, கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது! விடைபெறாமல் எழுந்து போவதுதான் அங்கே மரியாதை. உலகத்தில் எனக்காகவே ஒருத்தர் போட்டு வைத்த சட்டம் மாதிரி.

கல்யாண வீட்டிலோ கிளம்புவதற்கே முக்கால் மணி நேரம். இன்னாரிடம் சொன்னியா, அன்னாரிடம் சொன்னியா, தாம்பூலப் பை வாங்கினியா. அத்தையிடம் சொல்லிவிட்டு மாமாவிடம் சொல்லாமல் வந்த கதை எங்கள் வீட்டில் ஆறு வருஷம் ஓடியது.

சொந்தத்தில் எந்தச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பேன். "ஆயிரந்தான் இருந்தாலும் கேதத்துக்கு வந்துருவா" என்று நல்ல பேர். நம் ஊர்ச் சடங்கு சம்பிரதாயமெல்லாம் என்னைப் போன்றவர்களை எத்தனை பேர் கண்ணில் படாமல் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்கே சம்பிரதாயம் இல்லையோ அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். டீக்கடை, லிஃப்ட், ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம்.

18.06.2023

சம்பிரதாயம் காப்பாற்றும் என்று நேற்று எழுதியதற்குத் திருத்தம். எழுதாத சம்பிரதாயமும் இருக்கிறதே.

கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரின் சொந்தம் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். "சாப்பிட்டுப் போங்க" என்றார்கள். பசித்தது, சரி என்று போய் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அடுப்பே பற்ற வைக்கவில்லை. வீட்டுக்காரர் வரும் வழியில் சொன்னார், முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும், ரெண்டாவது தடவையும் வேண்டாம், மூணாவது தடவை கேட்டால்தான் நிஜம். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். ரெண்டு மாதம் கழித்து இன்னொரு வீட்டில் ரெண்டு தடவைதான் கேட்டார்கள். கறிக்குழம்பு வாசம் மூக்கைத் துளைக்கிறது, நான் மூணாவது தடவைக்காகக் காத்திருக்கிறேன், அவர்கள் இலையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்பவர்களிடம் எந்த நாள் என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன், முப்பது வயது வரை.

24.06.2023

20-ம் தேதி ரிட்டர்ன் வேலையில் முங்கிக் கிடந்ததில் இந்தச் செய்தியைத் தாமதமாகத்தான் பார்த்தேன். டொனால்ட் டிரிப்லெட் இறந்துவிட்டார், வயது 89. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர்க்காரர். 1943-ல் லியோ கன்னர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக விவரித்து எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள், அதில் முதல் குழந்தை இவர்தான். பெரியவரானதும் சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக வெளிநாடெல்லாம் சுற்றினார். பழகியவர்களுக்கு ஆளுக்கொரு நம்பர் கொடுத்து வைத்திருப்பாராம். எனக்கு இதில் ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை, ஜிஎஸ்டி நம்பரை விட சின்ன நம்பர்தானே.

குடும்பம் வசதியானது, வங்கியிலேயே அவர்களுக்குப் பங்கு இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அதற்காக ஊரின் பங்கும் இல்லை என்று ஆகிவிடாது. அந்த ஊர் அவரை இது நம்ம ஆளு என்று வைத்துக்கொண்டது.

அப்போதுதான் பெரியப்பா நினைவு வந்தது. திண்டுக்கல் பக்கம் எங்கள் கிராமத்தில், கல்யாணம் பண்ணிக்கொள்ளாத பெரியப்பா. மூன்று வேளையும் தயிர்ச் சோறு, நார்த்தங்காய் ஊறுகாய். யாரோடும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். ஆனால் ஊரில் எந்த விசேஷம் என்றாலும் மொய் எழுதுவது அவர்தான். மேஜை, நாற்காலி, மஞ்சள் தடவிய நோட்டு, தொகையை வாங்கிப் போட ஒரு பித்தளைத் தட்டு. வருகிறவர் ஒவ்வொருவராக வந்து ஊர், பேர், தொகை சொல்ல வேண்டும். "பழனி சுப்பையா, ஐம்பத்தி ஒண்ணு." எழுதுவார், மறுபடி வாசித்துக் காட்டுவார், அடுத்த ஆள். ராத்திரி பத்து மணிக்கு நோட்டுக்கும் பணத்துக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் வராது. யார் எவருக்கு எந்த வருஷம் எவ்வளவு செய்தார்கள் என்பதும் தலைக்குள் இருக்கும், அதனால் சண்டை வந்தால் அவரிடம்தான் வருவார்கள்.

அந்த மேஜையை யார் முதலில் அவருக்குக் கொடுத்தார்களோ தெரியவில்லை. யோசித்துக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. இறந்துபோன ஒருவருக்கு நான் பேர் வைக்கக் கூடாது, வைக்கவில்லை.

02.07.2023

டாக்டரிடம் போனேன். மனநல மருத்துவர், ஊர் பேர் வேண்டாம். பதினைந்து நிமிஷம். "கல்யாணம் ஆயிருக்கு, வேலைக்குப் போறீங்க, என் கண்ணப் பாத்து நல்லாப் பேசுறீங்க, ஆட்டிசமெல்லாம் இல்லம்மா" என்று சொல்லி, படபடப்புக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எழுதினார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய மூக்குத்தண்டை.

03.07.2023

கோபத்தில் எழுதிவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை, வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். படபடப்பு இருப்பதும் உண்மை, மாத்திரை போட்டதில் தூக்கம் வந்ததும் உண்மை. அவர் படித்த காலத்தில் இது குழந்தை வியாதி. பாடம் எழுதினவர்களும் ஆண் பிள்ளைகளைப் பார்த்துத்தான் எழுதினார்கள், கன்னரின் 11 பேரில் பெண்கள் 3. நாலு ஆணுக்கு ஒரு பெண் என்பார்கள், 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது அது மூன்றுக்கு ஒன்று என்று வந்தது. கவனிக்காமல் விட்டவர்கள் எண்ணிக்கையில் வர மாட்டார்கள் இல்லையா.

இன்னொன்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் கண்டறியும் கையேடு 2013-ல் திருத்தப்பட்டபோது அதிலேயே எழுதிவிட்டார்கள்: அறிகுறிகள் சின்ன வயதிலேயே இருந்திருக்க வேண்டும், ஆனால் சூழ்நிலை நம் சக்தியை மீறிக் கேட்கும் வரைக்கும் அவை முழுசாக வெளியே தெரியாமல் இருக்கலாம், பழக்கிக்கொண்ட உத்திகளால் மறைந்தும் போகலாம். இந்த ஒரு வாக்கியத்தைச் செல்போனில் சேமித்து வைத்திருக்கிறேன்.

30.07.2023

ஆடி. தெருமுனையில் குழாய் ஸ்பீக்கர், காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டது. மதியம் சமையலறையில் மிக்ஸியும் சேர்ந்து ஓடியபோது என்ன நடந்தது என்றே தெரியவில்லை, கையிலிருந்த சட்னிக் கிண்ணத்தைச் சுவரில் அடித்துவிட்டு, சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். மகள் வந்து மிக்ஸியை அணைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல், சன்னலையும் சாத்தினாள். பதினாலு வயது அவளுக்கு. எங்கே கற்றுக்கொண்டாள்?

இது மாதத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். வீட்டில் இதற்குப் பேர் "அம்மாவுக்குத் தலைவலி".

மெடிக்கலில் பஞ்சு மாதிரி காதில் திணிக்கிற நுரை அடைப்பான் விற்கிறார்கள், சில்லறைக் காசுதான். இது தெரியாமலே 42 வருஷம் இருந்திருக்கிறேன். பாட்டி மார்கழியில் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

19.08.2023

சென்னையில் ஒரு மருத்துவ உளவியலாளர், பெரியவர்களையும் பார்க்கிறார் என்று தெரிந்து முன்பதிவு செய்தேன். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், மூன்று தடவை, ஒன்று நேரில், ரெண்டு வீடியோவில். இன்று முதல் தடவை.

கூச்சத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றுதான் முதலில் கேட்டேன், இத்தனை வருஷமும் எனக்கு இருப்பது கூச்சம் என்று நம்பிக்கொண்டிருந்தவள். அவர் திருப்பிக் கேட்டார்: "நாலு பேர் நடுவுல போய் நிக்கிறீங்க. என்ன பேசணும்னு தெரிஞ்சும் பயத்துல பேச்சு வரலையா, இல்ல அங்க என்ன பேசணும்னே புரியலையா?" எனக்குப் புரியவில்லை என்பதுதான் முதலில் வந்தது. பயம் அப்புறம் வந்தது, புரியாமல் ஏதாவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு.

20.08.2023: மேலே எழுதியதை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம், கவனக்குறைபாடு என்கிற ஏ.டி.எச்.டி.யும் கூட இருக்கலாம், சின்ன வயதில் அடிபட்டு வளர்ந்தவர்களுக்கும் இதே மாதிரி இருக்கும் என்றார். அதற்காகத்தான் மூன்று தடவை.

10.09.2023

அந்த உளவியலாளர் அம்மாவோடு பேச வேண்டும் என்று கேட்டிருந்தார். வீடியோவில் அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், ஏதோ பெண் பார்க்க வருகிற மாதிரி. முதல் இருபது நிமிஷம், "எம்பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல மேடம். பத்தாவதுல கணக்குல நூத்துக்கு நூறு." அப்புறம் மேடம் சமையல் பற்றி ஏதோ கேட்க, பேச்சு வாக்கில் எல்லாம் வந்தது. விருந்தாளி வந்தால் நெல்லுக் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாளாம். கத்தரிக்காய் விதை நாக்கில் பட்டால் வாந்தி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரை மணி நேரம் கதவுக்குப் பின்னால் நின்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பாள், "ஆடி முடிச்சுட்டு வந்து சாப்பிடுவா, நாங்க கண்டுக்கிற மாட்டோம்."

எனக்கு அந்த ஆட்டம் சுத்தமாக நினைவில் இல்லை. ஆனால் ஆபீஸில் இன்றைக்கும் சுழல் நாற்காலியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய டிரங்குப் பெட்டியில் அஞ்சாம் வகுப்பு ரேங்க் கார்டு கிடைத்தது. ஆசிரியர் குறிப்பு: "படிப்பு நன்று. மற்ற மாணவிகளுடன் பழகவும்." மூன்று பருவத்துக்கும் அதே வரி, கடைசியில் மட்டும் "பழகவும்" என்பதற்கு அடியில் கோடு.

08.10.2023

ரிப்போர்ட் வந்தது. ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், லெவல் 1. கூடவே பதற்ற நோய். கவனக்குறைபாடு இல்லை.

படித்துவிட்டு வெளியே போய் அரைக்கிலோ தக்காளி வாங்கி வந்தேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் ரெண்டு தடவை படித்தார். "அப்ப அந்தக் கறிக்குழம்பு?" என்றார். "அதுவும் இதான்" என்றேன். "நான்தான் மூணு தடவைன்னு சொல்லிக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் டிவியை அணைத்து வைத்தார்.

15.10.2023

கேள்விகள் சேர்ந்துவிட்டன, மொத்தமாகச் சொல்கிறேன்.

லெவல் 1 என்றால் லேசானது என்று அர்த்தமில்லை, உதவி தேவை என்று அர்த்தம். 3 என்றால் மிக அதிகமாகத் தேவை. ஆஸ்பெர்கர் என்று ஏன் போடவில்லை என்று கேட்டவருக்கு: ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற மருத்துவரின் பேரில், பேச்சும் அறிவும் தடைபடாத ஆட்டிசத்துக்கு வைத்த பேர் அது. அதை 1994-ல் அமெரிக்கக் கையேட்டில் சேர்த்தார்கள், 2013-ல் எடுத்துவிட்டார்கள். எடுத்தது நல்லது என்றே நினைக்கிறேன். அந்த மனிதர் நாஜி ஆட்சியில் வியன்னாவில் குழந்தைகளை எந்த இடத்துக்கு அனுப்பினார் என்பது 2018-ல் ஆவணங்களோடு வெளிவந்திருக்கிறது, அங்கே போன பிள்ளைகள் பலர் கொல்லப்பட்டார்கள். அவர் பேரைச் சுமக்க எனக்கு விருப்பமில்லை.

ஆட்டிசத்தை மதியிறுக்கம் என்று தமிழில் எழுதலாமே என்கிறார் ஒருவர். வேண்டாம் அண்ணே. மதி எங்கே இறுகிக் கிடக்கிறது? எனக்குப் பிரச்சினையே எல்லாம் இறுகாமல் உள்ளே வந்து விழுவதுதான், டியூப்லைட் சோக்கின் ரீங்காரம் உட்பட. இலங்கைக்காரர்கள் ஓட்டிசம் என்று எழுதுகிறார்கள், அது இன்னும் நன்றாக இருக்கிறது, ஓடிப் போகத் தோன்றுகிறவர்களுக்குப் பொருத்தம்.

அரசு அடையாள அட்டை வாங்கப் போவதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் உண்டு, ஆனால் அளப்பதற்கு வைத்திருக்கிற இந்திய அளவுகோலில் 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5, மொத்தம் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. என்னைப் போல மறைக்கப் பழகியவர்கள் அதில் எத்தனை வாங்குவார்கள் என்பது தெரிந்த விஷயம். தங்கச்சி மகனுக்குக் கட்டாயம் வாங்க வேண்டும், அதற்கான படிவமும் என்னிடம்தான் இருக்கிறது.

"வேலை, குடும்பம் எல்லாம் இருக்கிறவங்க இதைச் சொல்லிக்கிட்டா, பேசவே முடியாத எங்க பிள்ளைங்களோட கஷ்டம் லேசாயிடும்" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். இதற்கு நாலு நாளாகப் பதில் தேடினேன். அவர் சொல்வதில் பாதி சரி. என் தங்கச்சி ராத்திரி தூங்கி ரெண்டு வருஷம் ஆகிறது, அதை நான் பட்டதோடு வைத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. மீதிப் பாதி என்னவென்றால், அவன் ஏன் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறான் என்று எங்கள் வீட்டில் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கீல் சத்தம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருகிறது, வேறெதுவும் அப்படி வருவதில்லை.

03.12.2023

அப்பா இறந்து இன்றோடு எட்டு வருஷம். அன்றைக்கு நான் அழவில்லை. எல்லா வேலையும் செய்தேன், பந்தல்காரருக்குப் பணம், ஐஸ் பெட்டிக்குப் பணம், வருகிறவர்களுக்கு டீ. கல்நெஞ்சுக்காரி என்று பின்னால் பேசினார்கள், அது என் காதில் விழுகிற தூரத்தில்தான் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றரை மாதம் கழித்து, ரேஷன் கடையில் அப்பா பேரை நீக்கச் சொல்லி மனு எழுதும்போது, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் கோடு அடிக்க வேண்டியிருந்தது. அடித்தேன். அப்புறம் அந்தக் கடை வாசலில், பாமாயில் வரிசைக்குப் பக்கத்தில், என்னால் நிறுத்தவே முடியவில்லை. ஒரு பாட்டி, "சக்கர தீந்து போச்சா தாயி, அடுத்த மாசம் சேத்துத் தருவாங்க" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்.

உள்ளே என்ன உணர்கிறோம் என்பது நமக்கே சரியாகப் பிடிபடாததற்கு, சொல்லத் தெரியாததற்கு ஒரு பேர் இருக்கிறது, அலெக்ஸிதிமியா. ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்கு உண்டு, எல்லோருக்கும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் அந்தப் பேச்சு கொஞ்சம் குறைவாக வலித்திருக்கும். துக்க வீடு சுலபம் என்று ஜூனில் எழுதினேன் இல்லையா, அது மற்றவர்கள் வீட்டுத் துக்கத்துக்கு.

12.02.2024

நேற்று சித்தப்பா மகள் கல்யாணம், ஊரில். வழக்கமாக மண்டபத்தில் மூன்று மணி நேரம் எல்லோரிடமும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மறுநாள் முழுக்க இருட்டறையில் படுத்திருப்பேன். இந்தத் தடவை முன்னாடியே சித்தப்பாவிடம் போய், "மொய் எழுத ஆள் பாத்தாச்சா?" என்று கேட்டேன். "பொம்பளப் புள்ள எழுதி நம்ம ஊர்ல பாத்ததில்லையே" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "சரி, எங்க அண்ணன் உக்காந்த மேஜைதான, நீ உக்காரு" என்றார்.

நுரை அடைப்பான் காதில். அதன் மேல் முடியை எடுத்து விட்டுக்கொண்டால் தெரியாது. மேளம் எங்கோ பக்கத்து ஊரில் அடிக்கிற மாதிரிக் கேட்டது. ஊர், பேர், தொகை. சிரிக்க வேண்டியதில்லை, நல்லாயிருக்கீங்களா என்று கேட்க வேண்டியதில்லை, தலையை நிமிர்த்தக்கூட வேண்டியதில்லை. வருகிறவர்கள்தான், "அட, நீயாத்தா எழுதுற" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர். நேற்று ஒரு மண்டபம் முழுக்க நான் எல்லோரிடமும் பேசியிருக்கிறேன், இன்று ஆபீஸுக்கும் வந்துவிட்டேன்.

தங்கச்சி மகன் மேஜைக்கு அடியில். ஐந்நூற்றி ஒன்று, ஆயிரத்தி ஒன்று என்று வருகிற மொய்யில் அந்த ஒரு ரூபாய்க் காசுகளை எல்லாம் கீழே நீட்டினேன், அவன் வாங்கி என் கால் பக்கத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனான், பத்துக்கு ஒரு வரிசை, யாரும் சொல்லித் தரவில்லை. மத்தியானம் இரண்டரைக்கு நோட்டை முடித்துக் கூட்டினால் பணத்தில் ஒரு ரூபாய் இடித்தது. மூன்று தடவை எண்ணினேன். அப்புறம் குனிந்து பார்த்தேன், அவன் வலது கை மூடியிருந்தது, திறக்கவே இல்லை.

பர்ஸிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துப் போட்டுக் கணக்கை டேலி பண்ணிவிட்டேன்.